கைராசி டப்பா

“முதல் பேட்ச் எனக்கு வேணும் சார். ஒரு சிட்டிகை போதும்.”

சொல்லியாகிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் அவள் அந்த லேபில் சேர்ந்த அன்றைக்கே அக்கா தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்ன ஒரே புத்திமதி இதுதான்: “லீவு கேளு, கெமிக்கல் கேளு, வேணும்னா சண்டை போடு. முதல் பேட்சை மட்டும் கேட்டுடாத.” அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. அங்கேயே டாக்டர் பட்டம் வாங்கி, போக இடமில்லாமல், ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக அதே லேபில் ஒட்டிக்கொண்டிருக்கிறவள். எல்லோருக்கும் அக்கா. பேராசிரியருக்கு மட்டும் ‘ஏம்மா’.

பேராசிரியர் நிமிரவில்லை. ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி எழுத்தின் வாலை நிதானமாக இழுத்து முடித்தார். பேனாவை மூடினார்.

“எதுக்கு?”

“புது பீட் போட்டு ஓட்டிப் பாக்கணும்.”

“உட்காரு,” என்றார்.

அந்த அறையில் அவர் யாரையாவது உட்காரச் சொன்னால் அது நல்லதுக்கில்லை என்று நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் இரும்பு பீரோ. அதற்குள் மேல்தட்டில் சாமி மாதிரி வீற்றிருக்கிறது கட்டைவிரல் உயரக் கண்ணாடி பாட்டில். உள்ளே கறுப்புப் பொடி. அதுதான் முதல் பேட்ச். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவரே உலையில் சுட்டெடுத்த கார்பன். பார்த்தால் அடுப்புக்கரி மாதிரிதான் இருக்கும். அவருடைய வாழ்க்கை மொத்தமும் அந்தக் கரியில்தான் நிற்கிறது. மருந்து செய்கிறவர்கள் இரண்டு மூலக்கூறுகளைப் பிடித்து ஒன்றாக ஒட்டவைக்கப் பல்லேடியம் என்கிற உலோகத்தைப் போடுவார்கள். தங்கத்தோடு போட்டி போடுகிற சாமான். அதெல்லாம் வேண்டாம், வெறும் கரியே அந்த வேலையைச் செய்யும் என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர். சொன்ன நாளிலிருந்து அவர் கால் தரையில் பட்டதில்லை. நூற்றுப் பதினேழு கட்டுரைகள். இருபத்தாறு பேருக்கு டாக்டர் பட்டம். சுவரில் இடம் போதாமல் தரையில் சாய்த்து வைத்த சான்றிதழ்கள். இன்னும் நாலு மாதத்தில் ஓய்வு. வருகிற வெள்ளிக்கிழமை பாராட்டுக் கூட்டம், புதுக் கட்டடத்தில் ஒரு ஆய்வகத்துக்கு அவர் பெயர். பெயர்ப்பலகை வந்துவிட்டது. வராந்தாவில் காகிதம் சுற்றி, சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.

விருந்தினர் யார் வந்தாலும் அந்த பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். கையில் மட்டும் தரமாட்டார்.

லேபில் அவளுக்குப் பெயர் ‘டயர்’. வைத்தவரும் அவர்தான். நேர்முகத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற பட்டறையில் வேலை என்றாள். “அடடே, அப்ப உங்க வீட்லயும் கார்பன் ஆராய்ச்சிதான்!” என்றார். மேஜையைச் சுற்றி இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மற்ற ஐந்து சிரிப்பையும் அவள் மறந்துவிட்டாள். தன்னுடையதை மறக்க முடியவில்லை.

அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பாவுக்கு நகக்கண்ணில் கறுப்பு, காதுமடலில் கறுப்பு, இருமித் துப்பினால் அதிலும் கறுப்பு. அவள் சேர்ந்த அன்று அப்பா சொன்னார்: “முப்பது வருஷமா நானும் கார்பன்லயே கெடக்கேன், ஒரு பயலும் பட்டம் குடுக்கல. உனக்காவது குடுக்கறானான்னு பாப்போம்.”

லேபில் சேருகிறவர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. குடுவையில் இருக்கிற கரைசல் சுழன்றுகொண்டே இருப்பதற்காக உள்ளே ஒரு சின்னக் காந்தம் போடுவார்கள். மேலே பிளாஸ்டிக் தோல், அளவில் மாத்திரை மாதிரி. அதற்குத்தான் பீட் என்று பெயர். புதிதாக வாங்கினால் வெள்ளை வெளேரென்று இருக்கும். பேராசிரியர் ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டப்பாவைத் திறப்பார், அதிலிருந்து கறுத்துப்போன பழைய பீட் ஒன்றை எடுப்பார், புதிதாகச் சேர்ந்தவரின் உள்ளங்கையில் தானே வைப்பார். “என் முதல் மாணவர்கள் தொட்டது. பத்திரமா வச்சுக்க. கைராசி ஒட்டிக்கும்.” எல்லோரும் கைதட்டுவார்கள். அதற்குக் ‘கைராசி டப்பா’ என்றே பெயர். அத்தனை பேரும் அறிவியல் படித்தவர்கள். ஒருவருக்கும் கூச்சமில்லை.

அவளுக்குக் கைராசி நன்றாகவே ஒட்டியது. முதல் வருஷமே விளைச்சல், அதாவது போட்டதில் ஒட்டி வந்த பங்கு, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. சனிக்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் அவளைக் காட்டி, “டயர் பட்டறைலேர்ந்து வந்திருக்கா, கரி இவ பேச்சைக் கேக்குது பாருங்க,” என்றார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ராசி போனது நெட்டைக்கு.

நெட்டை அவளுக்கு இரண்டு வருஷம் மூத்தவன், ஆறடி மூன்றங்குலம். லேபிலேயே சுத்தமான மேஜை அவனுடையது. துடைத்த இடத்தையே துடைப்பான். முதல் நாலு வருஷம் அவனுக்கும் எல்லாம் வந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமையிலிருந்து பூஜ்யம். அதற்கடுத்த வாரமும் பூஜ்யம். சனிக்கிழமைக் கூட்டத்தில் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, பூஜ்யம் வாங்கியவன் கூட்டம் முடியும்வரை நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நெட்டை எட்டு மாதம் நின்றான். “உனக்குக் கை இல்லப்பா,” என்பார் பேராசிரியர், ரொம்ப வாஞ்சையாக. “கை இருக்கறவன் தொட்டா கரி பேசும். உன்கிட்ட ஊமையாயிடுது. நீ பேசாம மத்தவங்க பாத்திரத்தக் கழுவு.” கழுவினான். பதினோரு பேருடைய குடுவைகளையும் கண்ணாடி மாதிரி கழுவி வைத்தான்.

ஒரு நாள் அவன் முதல் பேட்சைக் கேட்டான். அடுத்த இரண்டாம் வாரம் விசாரணை. கவனக்குறைவு, அசுத்தம், முடிவுகளை மறைத்தல். சாட்சிக்கு இரண்டு கையெழுத்து. ஒன்று அக்காவுடையது. இன்னொன்று அவளுடையது.

யாரும் அவளை மிரட்டவில்லை. அதுதான் கேவலம். தனக்குத் தொண்ணூற்றொன்று வருகிறது, அவனுக்குப் பூஜ்யம் வருகிறது, அப்படியானால் கோளாறு அவனிடம்தானே என்று நம்பினாள். நம்பியது மட்டுமல்ல. பக்கத்தில் ஒருத்தன் விழுகிறபோதுதான் நாம் நிற்கிறோம் என்பது உறைக்கும் இல்லையா, அந்தச் சுகம் அவளுக்கு வேண்டியிருந்தது. பேனாவை அழுத்தித்தான் போட்டாள்.

மூன்று வருஷம் போனது. மூன்று கட்டுரை வந்தது. தீசிஸ் எழுதி முடித்தாயிற்று. கடைசியாக ஒரே ஒரு சோதனையை மறுபடி ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று குடுவையைக் கவிழ்த்தபோது, கறுத்த பீட் நழுவிச் சிங்க்கில் விழுந்து, துளை வழியாகப் போய்விட்டது. “போச்சு, ராசி சாக்கடைக்குப் போயிருச்சு,” என்று பக்கத்து மேஜைக்காரன் கிண்டல் பண்ணினான். அவளும் சிரித்துக்கொண்டே ஸ்டோரிலிருந்து புதுசாக ஒரு வெள்ளை பீட் வாங்கி வந்து போட்டாள்.

பூஜ்யம்.

கரைப்பானை மாற்றினாள். கரியை மாற்றினாள். உலையின் சூட்டை அளந்தாள். பதினான்கு தடவை ஓட்டினாள், பதினான்கும் பூஜ்யம். ஐந்தாவது தடவை அழுகை வந்தது. ஒன்பதாவது தடவை அழுகை நின்று ஆத்திரம் வந்தது. பதினான்காவது தடவை நெட்டையின் நீளமான கைகளும், சிங்க்கில் குனிந்து நின்ற அவன் முதுகும் நினைவுக்கு வந்தன. அன்று மத்தியானம் அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்து, அக்காவின் கறுத்த பீட்டை எடுத்து ஒரு குடுவையில் போட்டாள். மற்ற எல்லாம் போட்டாள். கரியை மட்டும் போடவில்லை.

எண்பத்தெட்டு.

கரியே இல்லாமல் எண்பத்தெட்டு. கருவி காட்டிய எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பேராசிரியர் கரிக்கு வருவதற்கு முன்னால் பத்து வருஷம் பல்லேடியத்தில்தான் வேலை பார்த்தவர். பழைய பீட்டுகள் அந்தக் காலத்துச் சாமான். தோலில் இருக்கிற கீறல்களில் பல்லேடியம் போய் உட்கார்ந்துகொண்டது, அதனால்தான் கறுப்பு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, வேலையைச் செய்துவிட்டு, பெயரைக் கரிக்குக் கொடுத்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷப் புகழ், ஒரு காந்தத்தின் மேல் இருந்த அழுக்கு.

சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகாமல் நெட்டையைத் தேடிப் போனாள். மருந்துக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தான். அங்கேயும் நிற்கிற வேலைதான். கண்ணாடித் தட்டு பளபளவென்று இருந்தது.

“என்ன வேணும்?” என்றான், வாடிக்கையாளரைக் கேட்கிற மாதிரி.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க பீட்ட என்ன பண்ணீங்க?”

“எந்த பீட்?”

“டப்பாலேர்ந்து குடுத்தது.”

யோசித்தான். “கழுவினேன். அசிங்கமா இருந்துச்சு. ராஜதிராவகத்துல ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். புதுசு மாதிரி வெளுத்துச்சு.”

தங்கத்தையே கரைக்கிற திராவகம் அது. பல்லேடியம் எம்மாத்திரம். அவள் விஷயத்தைச் சொன்னாள். இரண்டே நிமிஷத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம். அவன் கேட்டுக்கொண்டே ஒருவருக்கு மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்தான், இன்னொருவருக்குச் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்து வைத்தான். பிறகு சிரித்தான். தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்ட சிரிப்பு.

“அப்ப அசுத்தம்னு என்னத் துரத்தினது, நான் கழுவினதுக்கு.”

“ஆமாண்ணே.”

“எங்கம்மா டீச்சர். நான் திருடிட்டு மாட்டிக்கிட்டேன்னு நினைச்சுட்டே போய்ச் சேர்ந்தாங்க. சுத்தமில்லன்னெல்லாம் யாரையாவது காலேஜ விட்டு அனுப்புவாங்களாடா, உண்மையச் சொல்லுன்னு கடைசி வரைக்கும் கேட்டாங்க.” அட்டைத் துணுக்கைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டான். “இப்ப நீ எதுக்கு வந்த? மன்னிப்பா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“அதெல்லாம் இங்க ஸ்டாக் இல்ல. தள்ளி நில்லு, பின்னாடி ஆள் நிக்குது.”

மறுநாள் ஞாயிறு. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து டீனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். என் மூன்று கட்டுரைகளும் தப்பு. என் தீசிஸ் தப்பு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இன்னாருக்கு எதிராக நான் போட்ட சாட்சிக் கையெழுத்து தப்பு. அப்பா எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“பட்டறைல பெயிண்டர் பையன்ட்ட சொல்லி வச்சிருக்கேன். வாசல்ல உன் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டு ஒரு பலகை. செவப்பா, நீலமா?”

“வேணாம்ப்பா.” பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பா கை பிசைவதை நிறுத்தவில்லை. “அவரு பொய் சொன்னா அது அவரு தலையெழுத்து. நீ ஏன் போய் உன் கழுத்த நீட்டற?”

“மூணு பேப்பர்ல என் பேர் இருக்குப்பா.”

“உன் பேர் வரணும்னுதானடி படிக்க வச்சேன்!” இருமல் வந்தது. இருமி முடிக்க நேரமாயிற்று. “இந்த நெஞ்ச வச்சுக்கிட்டு ஆறு வருஷம் நான் எதுக்குப் போனேன் அங்க? சொல்லு. நீ யோக்கியமா இருக்கறதப் பாக்கவா?” தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் மூன்று நாளாக அவளோடு பேசவில்லை.

கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் இன்று, புதன்கிழமை காலை, இந்த அறைக்குள் வந்திருக்கிறாள். ஒரே ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது. முதல் பேட்ச் மட்டும் புது பீட்டோடு வேலை செய்துவிட்டால், அவர் கண்டுபிடித்தது நிஜம், பின்னால் வந்த கரிதான் மட்டம் என்று ஆகும். அப்போது தீசிஸைத் திருத்தி எழுதலாம். அப்பாவின் பலகைக்கும் வழி உண்டு. வேலை செய்யாவிட்டால் கடிதம் போகும். ஒரு சிட்டிகைக் கரியில் இருந்தது எல்லாம்.

பேராசிரியர் எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார், பீரோவைத் திறந்தார். பாட்டிலை எடுத்து, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் அவள் முன்னால் வைத்தார்.

“எடுத்துக்க.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பாட்டிலைத் தொட்டாள். எடையே இல்லாமல் இருந்தது.

“ஆனா ஓட்ட வேண்டிய அவசியம் இல்ல,” என்றார். கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து, தேடாமலே பக்கத்தைப் பிரித்து, அவள் பக்கம் திருப்பிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய கையெழுத்து. தேதி பதினோரு வருஷத்துக்கு முந்தையது. முதல் பேட்ச், புது பீட், விளைச்சல் 0. அடுத்த வரி: மறுபடி, 0. அடுத்த வரி: மறுபடி, 0. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பக்கம் முழுக்க வெறுமை.

“ஸ்டோர்ல பழசெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்கினாங்க அந்த வருஷம்,” என்றார், பஸ் தாமதமானதைச் சொல்கிற குரலில். “லேப் பூரா ஒருத்தனுக்கும் வரல. நான் குப்பைத்தொட்டில கைய விட்டுப் பொறுக்கினேன். அறுபத்திமூணு பீட். டப்பாவுல போட்டேன்.”

அவள் நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். “அப்ப கைராசி, அது இதுன்னு…”

“கையில குடுத்தா பத்திரமா வச்சுக்குவாங்க. சும்மா மேஜைல வச்சா எவனாவது கழுவிடுவான்.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒருத்தன் கழுவிட்டான் பாரு.”

“தெரிஞ்சேதான் எட்டு மாசம் நிக்க வச்சீங்களா?”

“அவனா விட்டுட்டுப் போவான்னு பாத்தேன். போகல.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அவன்கிட்ட இத நான் காட்டல. உன்கிட்ட காட்றேன். ஏன் தெரியுமா? அவங்கம்மா டீச்சர். காட்டியிருந்தா வெளியில போயும் பேசியிருப்பான், நாலு பேரு கேட்டிருப்பாங்க. நீ பேசமாட்ட. உன்ன மாதிரிப் பிள்ளைங்களத்தான் நான் தேடித் தேடி எடுக்கறது. வீட்லயே முதல் ஆளு. கெடச்ச நாற்காலிய விடமாட்டீங்க. திறமை, அது இதுன்னு நீ என்ன நினைச்சியோ, எனக்குத் தெரியாது. நான் நேர்முகத்துல பாத்தது அதத்தான். நான் உங்கப்பாவக் கிண்டல் பண்ணேன், நீ சிரிச்ச. சரி, இவ போதும்னு முடிவு பண்ணேன்.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ வெள்ளிக்கிழமைக்காக நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்று விழுகிற சத்தம்.

அவர் தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவளுடைய தீசிஸ் ஒப்புதல். மை இன்னும் காயவில்லை. “இருபதாம் தேதி வைவா. நானே பேசி வச்சுட்டேன். எக்ஸாமினர் என் ஆளு, சிரமம் இருக்காது.” மேஜை இழுப்பறையைத் திறந்து துருப்பிடித்த டப்பாவை எடுத்தார். “பீட் தொலைஞ்சிட்டதாமே. சொல்லியிருக்கலாம்ல? கைய நீட்டு.”

அவள் கையை நீட்டினாள். கறுத்த பீட்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். இந்தத் தடவை கைதட்ட யாருமில்லை.

கதவைத் தட்டிவிட்டு அக்கா உள்ளே வந்தாள். கையில் வெள்ளிக்கிழமை வாசிக்க வேண்டிய பாராட்டுரை. மேஜைமேல் பாட்டில், திறந்த நோட்டு, டப்பா. அக்காவின் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. அதைப் பார்த்ததும் டயர் பீட் இருந்த உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

“உனக்குத் தெரியுமாக்கா?”

“நாலு வருஷமா.” அக்கா கதவைச் சாத்தினாள். “டப்பாலேர்ந்து முதல் பீட் வாங்கினவ நான்தான்டி. எனக்குத் தெரியாம இருக்குமா?”

“தெரிஞ்சேதான் நெட்டையண்ணனுக்கு எதிரா…”

“ஆமா. தெரிஞ்சேதான். நீ தெரியாமப் போட்ட, நான் தெரிஞ்சு போட்டேன். அவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான.” அக்காவின் குரல் உடைந்தது. “சனிக்கிழமை எனக்கு இண்டர்வியூ. பதினோரு வருஷத்துல முதல் நிரந்தர வேலை. என் பயோடேட்டால கரியத் தவிர ஒரு எழவும் இல்ல. எம்பொண்ணுக்கு ஏழு வயசு. நீ உன் கோவத்துக்கு என் பொழப்பக் கொளுத்தாத. எனக்காக வாய மூடிக்க. ஒரே ஒரு மாசம்.”

அக்கா நல்லவள். டயருக்குக் காய்ச்சல் வந்தபோது தன் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பிஸ்கட்டைத் தின்றவள். அது அத்தனையும் டயருக்கு நினைவிருந்தது. நினைவை வைத்துக்கொண்டேதான் சொன்னாள்:

“முடியாதுக்கா.”

“எதுக்குடி? அவன் உன்ன மன்னிச்சிட்டானா? உங்கப்பா ஆரத்தி எடுக்கப் போறாரா?”

“இல்ல. அண்ணன் போகச் சொல்லிட்டாரு, அப்பா பேசறதே இல்ல.”

“அப்ப யாருக்காக?”

நேர்முகத்தில் சிரித்த அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்க வேண்டும் என்று சொன்னால் அக்கா காறித் துப்புவாள். துப்ப வேண்டியதுதான்.

பீட்டைச் சட்டைப்பையில் போட்டாள். பாட்டிலையும் எடுத்துப் போட்டாள்.

“ஏய், அத வச்சிட்டுப் போ,” என்றார் பேராசிரியர்.

“எடுத்துக்கன்னு சொன்னீங்களே சார்.”

“நோட்டு என்கிட்ட இருக்கு. கொளுத்திட்டா நீ ஒண்ணும் நிரூபிக்க முடியாது.”

“கொளுத்துங்க. கரியாத்தான் போகும். உங்களுக்குப் பழக்கம்தான.” பையிலிருந்து கடிதத்தை எடுத்து, அவர் பார்க்கிற மாதிரி ஒரு தடவை பிரித்துக் காட்டிவிட்டு மடித்தாள். “கரி போடாம அக்கா பீட்ட மட்டும் போட்டு ஓட்டினது இதுல இருக்கு. வெள்ளை பீட் பதினாலு தடவை ஓட்டினதும் இருக்கு. யாரு வேணும்னாலும் ஒரு மத்தியானத்துல ஓட்டிப் பாக்கலாம். உங்க நோட்டு எதுக்கு?”

அப்போதுதான் அவர் மறுபடி எழுந்தார். ஒரு கையால் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைதான், கரியைப் பேச வைத்த கை. “நாலு மாசம்,” என்றார். “நாலே மாசம் பொறு. நான் போயிடறேன். அப்புறம் நீ என்ன வேணா எழுது. வயசானவன் கேக்கறேன்.”

கிழவராகத்தான் தெரிந்தார். கழுத்தில் சட்டைக் காலர் பெரிதாகத் தொங்கியது. வேறொரு நாளாக இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பாள்.

“நின்னு பழகுங்க சார்,” என்றாள். “நெட்டையண்ணன் எட்டு மாசம் நின்னாரு. நாலு மாசம்தான.”

ஒப்புதல் படிவம் மேஜைமேலேயே கிடந்தது. அக்கா கதவை மறித்து நின்றாள். ஒரு கணம்தான். பிறகு அக்காவே நகர்ந்தாள், பாராட்டுரைத் தாள்களை மார்போடு கட்டிக்கொண்டு, சுவரோரமாக, அவளைப் பார்க்காமல்.

வராந்தாவில் பெயர்ப்பலகை அதே இடத்தில் சுவரைப் பார்த்து நின்றது. அதைத் தாண்டினாள். டீன் அலுவலகம் அடுத்த கட்டடம், முதல் மாடி. பன்னிரண்டு மணிக்கு மேல் கடிதம் வாங்கமாட்டார்கள். நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டாள்.

படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து பேராசிரியர் கூப்பிட்டார். டயர் என்று இல்லை. அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி, முழுசாக. ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது இதுதான் முதல் தடவை. அவருக்கு அது தெரிந்திருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரும்பாமல் இறங்கிப் போனாள்.